நாலரைக் கட்டம்

கெடிலக் கரைக்குப் போகும் தெருவில் என் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலை, வேலைக்குப் போன சட்டையைக்கூட மாற்றாமல், மஞ்சள் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் என் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது, யாருக்கோ ஏதோ நேர்ந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். பைக்குள்ளிருந்து அவர் எடுத்து நீட்டியது, பளபளப்பான பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஒட்டப்பட்டிருந்த, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான கரிய காகிதம்.

"சார், இது பாப்பாவோட ஈ.சி.ஜி. கெட்டுப்போச்சா, இல்ல இதுலேர்ந்து எதுனா தெரியுமான்னு பாத்துச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். அவருடைய பெண் குழந்தைக்கு நான்கு வயதில் இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் "பழைய ஈ.சி.ஜி. எங்கே?" என்று வைத்தியர்கள் கேட்பதைக் கண்டு, அந்தக் காகிதம் ஏதோ பத்திரப்பதிவு ஆவணத்துக்குச் சமமானது என்று ஊகித்த அந்த மனிதர், அது கிழிந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், பண்ருட்டியில் ஒரு நகலகத்தில் கொடுத்து லேமினேஷன் போடச் சொல்லியிருக்கிறார். "நூறு வருஷம் வரும்ணே" என்று கடைப் பையன் உறுதி சொல்லி, சூடான உருளைகளுக்கு நடுவே அதைச் செலுத்தியிருக்கிறான். மறுபக்கம் வெளிவந்தபோது பையனும் திகைத்துப்போய், "என்னாண்ணே, பேப்பரே கறுத்துப்போச்சு" என்றானாம்.

இதில் பையனுடைய குற்றம் ஒன்றுமில்லை. இக்காலத்து ஈ.சி.ஜி. யந்திரத்தில் மையும் கிடையாது, பேனாவும் கிடையாது. உஷ்ணம் பட்ட இடத்தில் கறுக்கும் ரசாயனம் பூசிய காகிதத்தின்மீது, மயிரிழை போன்ற சூடான முனைகள் தொட்டுத் தொட்டுக் கோடு வரைகின்றன. ஏ.டி.எம். சீட்டும் பஸ் டிக்கெட்டும் அதே ஜாதிதான். அவை சட்டைப் பையில் கிடந்து சில மாதங்களில் வெளுத்துப்போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெளுப்பதற்குக் காலம் வேண்டும். கறுப்பதற்கு ஒரு சூடான உருளை போதும். முழுத் தாளும் ஒரேயடியாக எழுதப்பட்டுவிட்டபடியால், குழந்தையின் இருதயம் எழுதிய ஒரு வரியும் அதில் மிஞ்சவில்லை.

அன்று அவருக்கு நான் திண்ணையில் சொன்னவற்றையும், சொல்ல நேரமில்லாமல் விட்டவற்றையும் சேர்த்து எழுதியதே இந்த அத்தியாயம். ஓட்டையை அடைத்துத் தைத்தபின், எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதியடைந்தபின், வைத்தியர்கள் மட்டும் ஏன் வருஷா வருஷம் அந்தக் கோடுகளையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்?

முதலில் தாளைப் பார்ப்போம். இளஞ்சிவப்பு நிறத்தில் சிறு சிறு சதுரங்கள் அச்சிட்ட தாள் அது. ஒவ்வொரு சிறு கட்டமும் ஒரு மில்லிமீட்டர். யந்திரம் தாளை வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்துகிறது. ஆகவே ஒரு சிறு கட்டத்தைக் கடக்க 0.04 வினாடி, அதாவது 40 மில்லி வினாடி ஆகிறது. உயரத்தில் பத்து மில்லிமீட்டர் என்றால் ஒரு மில்லிவோல்ட். டார்ச் விளக்கில் போடுகிற சாதாரண செல் ஒன்றரை வோல்ட் தருகிறது. இருதயத்தின் மின்சாரம் தோலின்மேல் வந்து சேரும்போது அதில் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்குதான் இருக்கும். இவ்வளவு மெல்லிய சமிக்ஞையைப் பிடிப்பதற்காக ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என்ற உடலியல் பேராசிரியர், காந்தத்தின் துருவங்களுக்கிடையே வெள்ளி பூசிய மிக நுண்ணிய பளிங்கு இழையைக் கட்டித் தொங்கவிட்டு, அது அதிரும் நிழலைப் படமெடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் அவர் செய்து முடித்த அந்த யந்திரம் இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் ஜாடிகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. பி, க்யூ, ஆர், எஸ், டி என்று அலைகளுக்கு அவர் இட்ட பெயர்களையே இன்றும் உலகெங்கும் சொல்கிறோம். 1924ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெய்வேலிக்காரர்களுக்கென்றே இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. நோயாளியின் கட்டில் சுவரிலுள்ள மின்கம்பிக்கு அருகில் கிடந்தாலும், ஒட்டு வில்லை காய்ந்து தோலைச் சரியாகப் பற்றாமல் போனாலும், அந்த அலைவு சரீரத்தின் வழியே யந்திரத்துக்குள் புகுந்து, கோடு முழுவதையும் ரம்பப் பல்லைப்போல் தடிக்கச் செய்துவிடும். பூதக் கண்ணாடி வைத்து எண்ணினால் ஒவ்வொரு சிறு கட்டத்துக்குள்ளும் சரியாக இரண்டு பற்கள் இருக்கும்: 0.04 வினாடியில் இரண்டு அலைவு. பக்கத்து ஊரில் பழுப்பு நிலக்கரியை எரித்து உண்டாக்கிய மின்சாரம், கம்பி வழியே வந்து, ஒரு குழந்தையின் இருதய ரேகைமேல் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போகிறது. அதை அழிப்பதற்கு யந்திரத்தில் வடிகட்டி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் வடிகட்டி, வேண்டாததோடு வேண்டிய நுண்ணிய நெளிவுகளையும் சிறிது மழித்துவிடும் என்பதை அறிந்த தொழில்நுட்பர்கள், வடிகட்டியைத் தொடுமுன் கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்துவார்கள், கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கச் சொல்வார்கள்.

இனி இருதயத்துக்கு வருவோம். அதற்கு நான்கு அறைகள், நான்கு கதவுகள். அந்த அறைகளின் சுவர்களுக்குள்ளே மின்சாரம் போகும் பாதை ஒன்று உண்டு. வலது மேலறையின் உச்சியில் உள்ள கணுவில் ஒவ்வொரு துடிப்பும் பிறக்கிறது. அங்கிருந்து மேலறைகளில் பரவி (இதுவே தாளில் பி அலை), நடுவிலுள்ள சந்திக் கணுவை அடைந்து, மேலறைகள் தம் இரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்கும்வரை அங்கே சற்று நின்று, பின் ஒரு மெல்லிய கற்றை வழியே தடுப்புச் சுவருக்குள் இறங்கி, வலமும் இடமுமாகக் கிளைத்து, கீழறைகளை ஒரே சமயத்தில் தூண்டுகிறது. தாளில் உயர்ந்து தாழும் கூரிய கோபுரம், க்யூ.ஆர்.எஸ்., அதுதான். கற்றையை 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் கண்டு சொன்னார். சந்திக் கணுவையும் கிளைகளையும் சேர்த்து, அங்கிருந்து கீழே இறங்கும் பாதை முழுவதையும் 1906இல் விளக்கிக் காட்டியவர், ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய இளைஞர். அறுவை நிபுணர்கள் இருதயத்தைத் திறக்கத் துணிவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, எங்கே ஊசி படக்கூடாது என்பதற்கான வரைபடம் தயாராகிவிட்டது.

ஆபத்து என்னவென்றால், பிறவியில் ஏற்படும் ஓட்டைகளில் மிகச் சாதாரணமான ஒன்று, கீழறைகளின் தடுப்புச் சுவரில், இந்தக் கற்றை இறங்கும் இடத்தை ஒட்டியே அமைகிறது. ஓட்டையின் பின்கீழ் விளிம்பையொட்டிக் கற்றை ஓடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள தசையின் நிறமே அதற்கும். சுவருக்குள் ஒயர் எங்கே ஓடுகிறதென்று தெரியாமல் ஆணி அடிப்பவனுடைய நிலைதான் தொடக்க காலத்து நிபுணருக்கு.

எதிர்வீட்டுக் குழந்தைக்கு இருந்தது அந்த ஓட்டை மட்டுமல்ல. 1888இல் பிரான்சு தேசத்து மார்சேய் நகர வைத்தியர் ஃபாலோ, நீலநோய் என்று அழைக்கப்பட்டதன் உட்கூறுகள் நான்கு என்று தொகுத்துக் காட்டினார்: கீழறைச் சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் நெருக்கம், இரண்டு அறைகளின்மீதும் சாய்ந்து நிற்கும் மகாதமனி, சுமை தாங்கித் தாங்கித் தடித்துப்போன வலது கீழறை. இந்தக் கோளாறுள்ள குழந்தைகள் சிறிது ஓடி விளையாடியதும் திடீரென்று குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் கற்றுக்கொடுக்காத வைத்தியம் அது. குந்தும்போது கால்களின் இரத்தக் குழாய்கள் மடங்கி நெருக்கப்படுவதால் உடம்புப் பக்கத்து எதிர்ப்பு உயர்ந்து, கூடுதலான இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது. உதட்டின் நீலம் சற்றே தணிகிறது. இந்தப் பெண்ணும் கோயில் பிராகாரத்தில் இரண்டு சுற்று ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் குந்திவிடுவாள். "எங்க ஆத்தா மாதிரியே குந்துது பாரு" என்று அவள் பாட்டி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். அங்கன்வாடிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழுவின் வைத்தியர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு நெடுநேரம் எடுக்காமல் இருந்த அன்றுதான், அது பெருமைக்குரிய விஷயம் அல்ல என்று தெரியவந்தது. உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு ஏதேனும் ஒரு பிறவி இருதயக் கோளாறு இருக்கும் என்பது உலகளாவிய கணக்கு. அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் இவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை நம் நாட்டில் ஒழுங்காகத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. சென்னையில், அரசுக் காப்பீட்டின் உதவியால், அவளுக்கு அறுவை நடந்தது. ஓட்டைமேல் ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். நெருக்கமான வழியைக் கீறி அகலப்படுத்தினார்கள்.

அறுவை முடிந்த முதல் இரண்டு மூன்று இரவுகள் தனி உலகம். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையின் தலைமாட்டில் மானிட்டர் பச்சைக் கோட்டை ஓயாமல் ஓடவிட்டுக்கொண்டிருக்கும். நம் வைத்திய மரபில் மூன்று விரலால் நாடி பார்த்து நோயறிந்தவர்கள் உண்டு. அந்தத் திறமையின்மேல் எனக்குள்ள மதிப்புக் குறையாமலே ஒன்று சொல்வேன். மணிக்கட்டில் வந்து முட்டும் அலை, துடிப்பு வந்தது என்று சொல்லுமேயன்றி, அது இருதயத்தின் எந்த இடத்தில் பிறந்து வந்தது என்று சொல்லாது. நாடி நிமிஷத்துக்கு 190 என்றால், அது ஜுரத்தாலும் வலியாலும் மேல்கணுவே விரைந்து அடிப்பதாக இருக்கலாம். அல்லது தையலாலும் இழுப்பாலும் காயம்பட்ட சந்திக் கணு, தலைமைக்குக் கட்டுப்படாமல் தானே அடிக்க ஆரம்பித்துவிட்டதாகவும் இருக்கலாம். இரண்டாவதை வைத்தியர்கள் ‘ஜெட்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். விரலுக்கு இரண்டும் ஒன்றே. சிகிச்சையோ வேறு வேறு. முதலாவதற்கு வலியையும் ஜுரத்தையும் தணித்தால் போதும். இரண்டாவதில் மேலறையும் கீழறையும் தாளம் தப்பி, மூடிய கதவை எதிர்த்து மேலறை அமுக்குவதால், இரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகும். குழந்தையின் உடம்பைக் குளிர்வித்து 34, 35 டிகிரிக்கு இறக்கி, மருந்து செலுத்தி, சந்திக் கணுவின் வெறியை அடக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய வழி, ஒவ்வொரு கோபுரத்துக்கும் முன்னால் பி அலை ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதே. ஆனால் 190 வேகத்தில் அந்தச் சிற்றலை முந்தைய துடிப்பின் வாலில் புதைந்து போய்விடுகிறது. இதற்கு அறுவை நிபுணர்கள் செய்யும் ஏற்பாடு என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது. மார்பை மூடுமுன் அவர்கள் தையல் நூலைவிடச் சற்றே தடித்த கம்பிகளின் நுனியை இருதயத்தின் புறத்தோலில் இலேசாகச் செருகி, மறுநுனியை மார்பெலும்புக்குக் கீழே தோல்வழியாக வெளியே விட்டிருப்பார்கள். வலப்புறம் வெளிவருவது மேலறைக் கம்பி, இடப்புறம் கீழறைக் கம்பி என்பது வழக்கம். மேலறைக் கம்பியை ஈ.சி.ஜி. யந்திரத்தின் மார்பு இணைப்பொன்றில் மாட்டியதும், இதுவரை புதைந்து கிடந்த பி அலை ஈட்டியைப்போல் நிமிர்ந்து எழும். தோலின்மேல் இரகசியமாகப் பேசிய அறை, வாசலிலேயே காதை வைத்துக் கேட்கும்போது உரக்கப் பேசுகிறது. அதே கம்பிகள் வழியாக வெளியிலிருந்து துடிப்பும் ஊட்டலாம். வீட்டுக்கு அனுப்புமுன் அவற்றை மெல்ல இழுத்து எடுத்துவிடுகிறார்கள். எதிர்வீட்டுக் குழந்தையின் வயிற்றுமேட்டில் இரண்டு பொட்டுத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. தனக்கு ஊசி போட்ட இடம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கம்பிகள் பிறந்த கதை, மின்சாரத்தை நம்பி வாழும் ஊர்க்காரர்கள் கேட்கவேண்டிய கதை. 1954இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் வால்டன் லில்லஹை என்ற நிபுணர், யந்திரத்துக்குப் பதிலாகத் தந்தையையோ தாயையோ குழந்தையோடு குழாய்களால் இணைத்து, அவர்களுடைய இருதயத்தையும் நுரையீரலையும் இரவல் வாங்கிக்கொண்டு, குழந்தையின் இருதயத்தைத் திறந்து ஓட்டைகளை அடைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபாலோவின் கோளாறும் அவ்வாறே முதன்முறையாக முழுதும் சீர்செய்யப்பட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கற்றையில் ஊசி பட்ட குழந்தைகளுக்கு, ஓட்டை அழகாக அடைபட்டிருந்தும், மேலறையின் ஆணை கீழறைக்குப் போகாமல் முற்றாக அறுந்துவிட்டது. மருந்துகளால் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. 1957 ஜனவரியில், இருதயத் தசையில் கம்பியைச் செருகி வெளியிலிருந்து துடிப்பூட்டும் முறை வந்ததும் அவர்கள் பிழைக்கத் தொடங்கினார்கள். ஆனால் துடிப்பூட்டும் பெட்டியோ தள்ளுவண்டியில் வைக்கத்தக்க பெரிய பெட்டி. சுவர் மின்சாரத்தில் ஓடுவது. கம்பி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம்தான் குழந்தை நடக்கலாம்.

1957 அக்டோபர் 31ஆம் தேதி அந்த நகரில் மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோனது. அறுவைக் கூடத்துக்கு மாற்று ஏற்பாடு இருந்தது. குழந்தைகள் படுத்திருந்த அறைகளுக்கு இல்லை. அந்த இருட்டில் ஒரு குழந்தை இறந்துபோனது என்று சொல்வார்கள். மறுநாள் லில்லஹை, மருத்துவமனையின் யந்திரங்களைப் பழுதுபார்க்க வரும் ஏர்ல் பாக்கன் என்ற இளைஞரிடம், பேட்டரியில் ஓடும் ஒன்றைச் செய்ய முடியுமா என்று கேட்டார். பாக்கன், சங்கீத மாணவர்கள் தாளம் பழகுவதற்கான கருவியின் மின்சுற்று ஒன்றைப் பத்திரிகையில் பார்த்தது ஞாபகம் வந்து, அதையே மாற்றியமைத்து, நாலு வாரத்தில், உள்ளங்கையில் அடங்கும் பெட்டியைச் செய்து, நாயிடம் பரிசோதிப்பதற்காகக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தபோது அது ஒரு குழந்தையின்மீது ஓடிக்கொண்டிருந்தது. அதே 1957ஆம் ஆண்டில்தான் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியைப் பண்டித நேரு தொடங்கிவைத்தார். நமக்கு மின்சாரம் வரப்போகிறது என்று நாம் மகிழ்ந்த வருஷத்தில், மின்சாரம் நிற்காது என்று நம்பியதால் வந்த வினையிலிருந்து பேஸ்மேக்கர் என்னும் சிறிய பெட்டி பிறந்தது.

இன்று கற்றையின் பாதை நிபுணர்களுக்கு மனப்பாடம். தையலை விளிம்பிலிருந்து விலக்கி, வலப்புறத்தில் ஆழமின்றிப் போடுகிறார்கள். ஓட்டை அடைத்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கே நிரந்தரத் தடை ஏற்படுகிறது. அப்போதும் உடனே நிரந்தரப் பேஸ்மேக்கர் பொருத்திவிடுவதில்லை. ஊசி பட்ட அறுப்பா, வெறும் வீக்கமா என்று ஒரு வாரம் பத்து நாள் தாளைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். வீக்கமானால் வடிந்து, ஒரு நாள் காலையில் பி அலைக்குப் பின்னால் கோபுரம் மறுபடி கீழ்ப்படிதலோடு வந்து நிற்கும். அப்படித் தேறியவர்களைத்தான் பிற்காலத்திலும் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். சிலருக்குத் தடை பல வருஷம் கழித்துத் திரும்பி வருவதுண்டு.

நம் தேசத்தில் இந்தக் கலை வேரூன்றியதற்கு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதற் காரணம். 1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் அங்கே மார்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் டாக்டர் என். கோபிநாத் அங்கே செய்தது, இந்தியாவின் முதல் திறந்த இருதய அறுவைகளுள் ஒன்று. பிறகு பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் முதலியோர் அதை வளர்த்தார்கள். 2008இல் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளின் இருதய சிகிச்சைக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. மறு ஆண்டு பொதுக் காப்பீட்டுத் திட்டமும் வந்தது. இவற்றின் பலனாக, முன்பு ஐந்து வயதைக் காணாமல் போயிருக்கக்கூடிய பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். தழும்பு ஆறியதும், ஊர்ப் பாஷையில் சொன்னால், "ஆபரேஷன் பண்ணியாச்சு, இனிமே என்ன?" என்று பரிசோதனைக்குப் போவதையே நிறுத்தியும் விடுகிறார்கள். என் கவலை அதுதான்.

ஏனெனில் ஃபாலோவின் கோளாற்றைச் சீர்செய்த இருதயம் தாளில் ஒரு தனி அடையாளத்தை ஏந்திக்கொண்டே வளர்கிறது. வலப்புறக் கிளை, ஓட்டையின் ஓரமாகவும் கீறிய தசையின் ஊடாகவும் போவதால், அறுவையின்போது பெரும்பாலும் அறுபட்டுவிடுகிறது. மின்சாரம் இடது அறைக்கு நேர்வழியாகவும் வலது அறைக்குத் தசைவழியே சுற்றுப் பாதையாகவும் போய்ச் சேர்கிறது. நெடுஞ்சாலை அடைபட்டால் வயல் வரப்பில் நடந்து போவது போல. ஆகவே கோபுரம் ஒற்றைச் சிகரமாக இல்லாமல், முயல் காதைப்போல் இரட்டை முனையாகி அகலமாகிவிடுகிறது. இதனாலேயே உடனடி அபாயம் எதுவும் இல்லை. முதல் அகலம் அறுவை தந்தது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கவனிக்க வேண்டியது அதற்குமேல் ஏறும் அகலத்தை. நெருக்கத்தை அகலப்படுத்தும்போது நுரையீரல் தமனியின் கதவு பல சமயம் பயனற்றதாகிவிடுகிறது. தள்ளிய இரத்தத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பிவர, வலது அறை பத்து வருஷம், இருபது வருஷம் எந்த முறையீடும் இன்றி அதைத் தாங்கித் தாங்கி விரிகிறது. விரிந்த சுவரில் மின்சாரம் நடக்கவேண்டிய தூரமும் கூடுகிறது. கோபுரம் மெல்ல மெல்ல இன்னும் அகலமாகிறது. 1995இல் லண்டனில் கட்சூலிஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் இப்படிச் சிகிச்சை பெற்று வளர்ந்தவர்களின் தாள்களை ஆராய்ந்து, அகலத்துக்கும் அறையின் விரிவுக்கும் உள்ள உறவைக் காட்டி, க்யூ.ஆர்.எஸ். அகலம் 180 மில்லி வினாடியை எட்டியவர்களுக்கே உயிருக்கு உலை வைக்கும் கீழறைத் துடிவேகமும் திடீர் மரணமும் நேரும் அபாயம் மிகுதி என்று எழுதினார்கள். தாளில் அது எவ்வளவு? ஒரு கட்டம் 40 என்றால் 180 என்பது நாலரைக் கட்டம். பள்ளிக்கூட ஸ்கேலில் நாலரை மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை.

அந்த எண்ணை விதியென்று கொள்ளக் கூடாது. அதற்குக் குறைந்த அகலத்திலும் சிலருக்கு அபாயம் வந்திருக்கிறது. எட்டியும் பலர் நலமாக இருக்கிறார்கள். கதவு எவ்வளவு கசிகிறது, அறை எவ்வளவு விரிந்தது என்பதை எக்கோவும் காந்த ஒத்ததிர்வுப் படமும்தான் நேரே காட்டும், ஈ.சி.ஜி.க்கு ஓட்டையும் தெரியாது, கதவும் தெரியாது. ஆனால் அந்தப் படங்களுக்குப் பட்டணம் போக வேண்டும், நாள் குறிக்க வேண்டும், பணம் வேண்டும். ஈ.சி.ஜி.யோ பண்ருட்டியிலும் எடுக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. எப்போது பட்டணம் போகவேண்டும் என்று சொல்வதற்கு அது போதும். தக்க தருணத்தில் கதவை மாற்றிவிட்டால், அகலம் ஏறுவது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

வேறு அறுவைகளுக்கு வேறு அடையாளங்கள் உண்டு; விரிக்காமல் சொல்லிப் போகிறேன். மேலறைகளுக்குள் திசைமாற்றித் தைத்த பழைய மஸ்டர்ட், சென்னிங் முறைகளில் மேல்கணு மெதுவாகச் சோர்ந்து, தழும்பைச் சுற்றி மின்சாரம் வட்டமிடத் தொடங்கும். தமனிகளையே இடம்மாற்றுகிற முறையில், இருதயத்துக்கே இரத்தம் தரும் நுண்குழாய்களும் இடம்பெயர்வதால், கோபுரத்துக்கும் டி அலைக்கும் நடுவிலுள்ள சமதளம் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பரிசோதனை மேசையில் அகப்படாத தாளக் கோளாற்றைப் பிடிக்க, நோயாளி இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுதும் நடமாடும் ஹோல்ட்டர் கருவி இருக்கிறது; அதைச் செய்த அமெரிக்கர் நார்மன் ஹோல்ட்டரின் முதல் மாதிரி, முதுகில் சுமக்கும் மூட்டையாக 85 பவுண்டு எடை இருந்ததாம்.

திண்ணையில் இவற்றில் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர், "எங்க மைன்ஸ்ல பூமிக்கடியில தண்ணி மேல முட்டிக்கிட்டே இருக்கும் சார். ராப்பகலா பம்பு ஓடும், மட்டத்தை நோட்டுல குறிச்சுக்கிட்டே இருப்பாங்க. இன்னிக்கு எவ்ளோன்றது ஒண்ணுமில்ல. நேத்திக்கு இன்னிக்கு ஏறிச்சான்னுதான் பாப்பாங்க. அது மாதிரிதானே?" என்றார். நான் அரைமணி நேரம் சுற்றிவளைத்ததை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார். ஒரு தாளைத் தனியே வைத்துக்கொண்டு வைத்தியர் சொல்லக்கூடியது கொஞ்சமே. முந்தைய தாளோடு சேர்த்து வைக்கும்போதுதான் அது பேசுகிறது. அதனால்தான் கறுத்துப்போன காகிதம் அத்தனை நஷ்டம்.

ஆனால் நஷ்டம் முழுமையானதல்ல. அந்தத் தாள் கைக்கு வந்த புதிதில், குழந்தைக்கு ஆறு வயதிருக்கும்போது, அதன் தாய் அதைக் கைப்பேசியில் படமெடுத்துத் துபாயிலிருக்கும் தன் தம்பிக்கு அனுப்பியிருந்தாள். அவனிடம் சொல்லி அந்தப் படத்தைத் திரும்பத் தருவித்தோம். கோணலாக, ஒரு மூலையில் கட்டைவிரல் தெரிய எடுத்த படம். கோணலானால் என்ன? பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் கோட்டோடு கட்டமும் சேர்ந்தே பெருகிச் சுருங்குகிறது. அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆவணியில் பரிசோதனைக்கு நானும் உடன் போயிருந்தேன். பதினொரு வயதுப் பெண், பள்ளிக்கூடப் பையோடு வந்திருந்தாள். தொழில்நுட்பர் ஜெல்லி தடவி, மார்பில் ஆறு, கைகால்களில் நான்கு என்று மாட்டிவிட்டு, கோடு தடித்து வருவதைக் கண்டு, "யாரும்மா சார்ஜர் போட்டிருக்கறது, எடுங்க" என்று அதட்டினார். கோடு மெலிந்து தெளிந்தது. தாளை மேசையில் விரித்த வைத்தியர் தம் கவராயத்தைத் தேடிக் காணாமல், "பாப்பா, உன் ஜாமெட்ரி பாக்ஸ்ல டிவைடர் இருக்கா?" என்று கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் கோபுரத்தின் தொடக்கத்தில் ஒரு முனையும் முடிவில் ஒரு முனையும் வைத்து, அப்படியே அசையாமல் தூக்கிக் கட்டங்கள்மேல் வைத்து, "நீயே எண்ணு" என்றார்.

"மூணரை."

பிறகு கைப்பேசியிலிருந்த படத்தைப் பெரிதாக்கி அதையும் எண்ணச் சொன்னார். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு இரண்டு தடவை எண்ணினாள். "மூணேகால்."

"அஞ்சு வருஷத்துல கால் கட்டம், பத்து மில்லி செகண்டு. எக்கோவும் பரவாயில்ல. பயப்பட ஒண்ணுமில்லண்ணே, அடுத்த வருஷம் இதே மாசம் கூட்டிட்டு வாங்க" என்று தகப்பனாரிடம் சொல்லிவிட்டு, வைத்தியர் தாளின் தலைப்பில் தேதியையும் 140 என்ற எண்ணையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினார். வெளியே வந்ததும் அந்த மனிதர் அதே நகலகத்துக்குத்தான் போனார், பையன் பிளாஸ்டிக் உறையை எடுக்கப் போவதைக் கண்டு, "தம்பி, அது வேணாம். ஜெராக்ஸ் மட்டும் போடு, ரெண்டு காப்பி" என்றார்.